சேற்றுக்குள் ஒரு கோடு

அத்தியாயம் – 17

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வீட்டில் ஒருவருக்கும் உட்காரப் பிடிக்கவில்லை.

டீச்சர் நின்றுகொண்டே காபி குடித்தாள். நின்றுகொண்டே பேப்பரைப் புரட்டினாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்பதால் வீட்டிலும் டிராக் சூட்டைக் கழற்ற மாட்டாள்; விசில் ஊதாத குறைதான். அவள் கணவரோ பால்கனிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். கால் ஓரிடத்தில் நின்றால் வாய் திறந்துவிடும், வாய் திறந்தால் சண்டை வந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

"தரை தேஞ்சிடப் போகுது. வாடகை வீடு," என்றாள் டீச்சர்.

"உன் தம்பி எழுந்தானா?"

"உங்க மாப்ள எழுந்தாரான்னு கேளுங்க. சண்டைன்னா மட்டும் என் தம்பி ஆயிடுவான்."

போன வாரச் சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தாலும் குற்றமில்லை, ஒரு பொம்மை டாங்கிக்காக வளர்ந்த ஆண்கள் இருவர் பேச்சை நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் அல்லவே.

பொம்மை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், அவர்கள் காதில் மட்டும் விழக்கூடாது. நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாக ஒட்டி, பெயின்ட் அடித்து, அதோடும் விடாமல் அது போருக்குப் போய் அடிபட்டு, வெயிலில் வெளுத்து, துருப்பிடித்துத் திரும்பிய மாதிரி அழுக்காக்குகிற கூட்டம் அது. புதுசாக ஒன்றைச் செய்து, அதைப் பழசாக்குவதற்கு மாதக்கணக்கில் பாடுபடுகிற மனிதர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்த வீட்டில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒட்டுவது கணவர். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் வைத்திருப்பவர்; அதனால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் பல்செட். தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் பிரித்து மறுபடி ஒட்டுவார். பழசாக்குவது டீச்சரின் தம்பி. மாடி அறையில் இருக்கிறான், கார் பெயின்ட் ஷெட்டில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் காரில் கீறலை மறைப்பது அவன் பிழைப்பு. ஞாயிறானால் டாங்கியில் கீறலை வரைவது அவன் பைத்தியம். கூட்டாளிகளுக்கு அவன் பெயின்டர்.

டாங்கிக்குச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் சங்கிலி உண்டு. ரப்பர் பட்டையாகவே பெட்டியோடு வரும். பல்செட் அதைத் தொடுவாரா? நெல்மணி அளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்து, தள்ளினால் நிஜமாகவே ஓடுகிற சங்கிலி செய்தார். மழைக்காலம் முழுக்க அதற்கே போனது. போன வாரம் பெயின்டர் தன் பங்கு வேலையை முடித்து டாங்கியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது சங்கிலியைக் காணோம். சக்கரத்தைக் காணோம். கழுத்துவரைக்கும் அப்பிய சேறு.

"இது டாங்கியா, குட்டையில புரண்ட எருமையா?" என்று அவர் கத்தினார். "நான் கோத்த சங்கிலி எங்கடா?"

வழக்கமாக ஒன்றுக்கு நாலு பதில் கொடுப்பவன் அன்று வாயே திறக்காமல் மாடிக்குப் போய்விட்டான். அதிலிருந்து பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட டீச்சர் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்குக் கண்காட்சி. சாயங்காலம் பரிசு.

"நானும் வரேன்," என்றாள் டீச்சர் திடீரென்று.

பல்செட்டின் நடை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கண்காட்சிக்கும் வராதவள் அவள். "இந்த வயசுல வண்டி விளையாட்டு" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பவள்.

"நீ எதுக்கு?"

"ஏன், டிக்கெட் வாங்கணுமா? சும்மாதான்."

சும்மா என்று அவள் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைக் குடைந்துகொண்டிருக்க நேரமில்லை. மனசு முழுக்கச் சேறு. கிளம்புவதற்குள் கொஞ்சமாவது சுரண்டி, சங்கிலியில் ஒரு முழத்தை... முழம் எங்கே, ஒரு விரல்கடையையாவது வெளியே காட்டிவிட வேண்டும்.

பால்கனி மேஜையில் டாங்கியை வைத்தார். தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பல்லில் மெழுகு சுரண்டுகிற கம்பியை எடுத்துச் சேற்றின் ஓரத்தை மெதுவாக நெம்பினார். சாந்தும் நிறப்பொடியும் குழைத்துப் பூசியது. பொருக்குப் பொருக்காக வந்தது.

சக்கரத்தின் மேல்மூடியில் ஒரு கோடு தெரிந்தது.

பெயின்டரின் கீறலை அவருக்கு நன்றாகத் தெரியும். முடி கனத்தில் வெளிர்கோடு, அதன் நடுவில் அதைவிட மெல்லிசாகக் கருங்கோடு. இரும்பில் நிஜமாகவே பெயின்ட் உரிந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். மற்ற ஊர்க் கூட்டங்களிலிருந்தெல்லாம் அதைப் பார்க்கவே ஆள் வருவார்கள்.

இந்தக் கோடு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பாதியில் நெளிந்தது. நெளிந்து, விட்டு, மறுபடி தொட்டு, ஓரத்தில் திட்டாக நின்றது. அதை அழித்து மேலே பச்சை அடித்திருந்தான். பக்கத்திலேயே இன்னொரு கோடு, அதுவும் நெளிசல். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். இன்னொன்று.

அவர் டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேறு இல்லாத இடங்களிலும் ஒரு கோடுகூட இல்லை. எல்லாம் ஸ்பாஞ்சைத் தொட்டு ஒற்றியது. அதைக் கத்துக்குட்டிகள் செய்வார்கள்; பெயின்டர் அதைக் கேலி செய்வான்.

கம்பியைக் கீழே வைத்தார். இத்தனை நாள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாமனாரை அவர் நினைத்துக்கொண்டார். கை நடுக்கத்தில் ஆரம்பித்து, நடை போய், பேச்சும் போய், படுக்கையில் முடிந்த மனிதர். ஊட்டியது, குளிப்பாட்டியது, இரவெல்லாம் புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் டீச்சர்தான். அதற்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டாள். பல்செட் காத்திருந்தார். தம்பி அப்போது பள்ளிக்கூடப் பையன்.

அவர் மாடிக்கு ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை.

பெயின்டர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டான்.

"என்ன மாமா, ஒரு வழியா எருமைக்காரன் ஞாபகம் வந்துச்சா?"

"கையைக் காட்டு மாப்ள."

"எதுக்கு? ஜோசியம் பார்க்கவா?"

"சேத்தைச் சுரண்டிப் பார்த்துட்டேன்."

பெயின்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்தான், உடனே எழுந்தான்.

"உங்களை யாரு சுரண்டச் சொன்னது?" என்றான். "பல்லைச் சுரண்டுற புத்தி போகுமா உங்களுக்கு."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா. ஷெட்டுல ஸ்ப்ரே கன்னை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன், தெரியல. சின்ன வேலையெல்லாம் கூட இருக்கறவன்கிட்டத் தள்ளிவிட்டுடறேன். இந்த டாங்கியிலதான் மாட்டிக்கிட்டேன். பொட்டு வச்சா கோடாகுது, கோடு போட்டா பாம்பாகுது. வேற வழி தெரியல, சேத்தை அள்ளிப் பூசிட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? நான் வேற எருமை, மாடுன்னு..."

"திட்டினது நல்லதுதான். திட்டு வாங்குறதுக்குக் கை நடுங்காது."

சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"மாமா, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றான். இப்போது அவன் கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்கு ஊட்டி ஊட்டி அவ இளமை போச்சு. இப்போ எனக்கா? கேட்டா இடிஞ்சு போயிடுவா."

"நாளைக்கு டாக்டர்கிட்ட வரணும். நானே கூட்டிட்டுப் போறேன். வரேன்னு சொல்லு, அக்காகிட்டச் சொல்லல."

"வரேன்."

"சத்தியமா?"

கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. வீட்டில் விசில் ஊத மாட்டாள் என்று மேலே சொன்னேன். ஆளை அவசரப்படுத்த வேண்டுமென்றால் ஊதுவாள்.

"ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதது போதும், இறங்கி வாங்க!" என்று கத்தினாள். "நேரமாச்சு!"

கண்காட்சி நடந்த இடம் ஒரு நூலகத்தின் மேல்தளம். நீள மேஜைகள், அவற்றின் மேல் வெள்ளைத் தாள், தாளின் மேல் வரிசை வரிசையாக அழுக்கு டாங்கிகள். வந்திருந்தவர்கள் குனிந்தபடியே நகர்ந்தார்கள். காய்ந்த சேறு வெளுப்பாக இருக்குமா மஞ்சளாக இருக்குமா என்று ஒரு மூலையில் வாக்குவாதம். புகைபோக்கியில் துரு மேலிருந்து கீழே வழியுமா, கீழிருந்து மேலே ஏறுமா என்று இன்னொரு மூலையில். இவ்வளவு பெரிய மனிதர்கள் அழுக்கைப் பற்றி இவ்வளவு சுத்தமாகப் பேசி டீச்சர் கேட்டதில்லை.

கூட்டத்தின் தலைவர் ஜெனரல். மருந்துக்கடை முதலாளி, பட்டாளத்தின் பக்கமே போகாதவர். அதட்டுவதால் வந்த பெயர்.

"என்னய்யா இது, வண்டியை வயல்ல விட்டுட்டு எடுத்தீங்களா?" என்றார் டாங்கியைப் பார்த்து. "சேறு ஜாஸ்தி. ஆனா ஒட்டின வேலை பிரமாதம். பரிசு கிடைச்சாலும் கிடைக்கும். சரி பெயின்டர், நீ ரெடியா இரு."

"எதுக்கு?"

"ஆரம்பிச்சதும் மேஜைக்கு வந்துடு. உன் கீறலை எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். உங்க டாங்கியிலயே போடு. கேமரா வச்சுப் பெரிய திரையில காட்டப் போறோம், பின்னாடி உட்கார்ந்தவனுக்கும் தெரியணுமில்ல?"

பெயின்டர் பல்செட்டைப் பார்த்தான். பல்செட் ஜெனரலைப் பார்த்தார்.

"அவனுக்கு உடம்பு சரியில்ல," என்றார் பல்செட்.

"நல்லாத்தானே நிக்கறான்? மருந்துக்கடைக்காரன்கிட்டயே உடம்பு சரியில்லங்கறியா? ஊரெல்லாம் சொல்லி ஆள் வந்தாச்சுய்யா. இப்போ போய் இல்லன்னா என் மானம் போயிடும்."

பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக அவர் நகர்ந்தும் விட்டார்.

பல்செட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழிப்பறைப் பக்கம் போனார், திரும்பி வந்தார். மேஜை விளக்கை அணைத்துப் போட்டார். தலைவலி என்று சொல்லலாமா, வீட்டில் திருடன் என்று சொல்லலாமா என்று யோசித்தார். எதற்கும் நேரமிருக்கவில்லை. ஜெனரல் கையைத் தட்டிக் கூட்டத்தை உட்காரவைத்தார். முதல் வரிசையில், நட்ட நடுவில், டீச்சர்.

பெயின்டர் மேஜைக்குப் போனான். ஓடுகிறவன் ஓடிவிடலாம்; அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி ஓடுவது? முழங்கையை மேஜையில் அழுத்தமாக ஊன்றிக்கொண்டான். ஜெனரல் இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து அவன் விரலிடுக்கில் வைத்தார்.

பின்னால் திரையில் டாங்கியின் பக்கவாட்டுத் தகடு சுவர் அளவுக்கு விரிந்தது. பிரஷ்ஷின் நுனி, துடைப்பம் போலப் பெரிதாக, திரைக்குள் வந்தது.

நடுங்கியது.

முதலில் லேசாக. கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. குறி பார்க்கிறான் என்று நினைத்திருக்கும். நுனி தகட்டை நெருங்க நெருங்க நடுக்கம் அதிகமானது. பெயின்டரின் நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பல்செட் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பல்செட் எப்படி மேஜைக்குப் போனார் என்று அவருக்கே தெரியாது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். வெளிச்சம் சரியா விழல," என்று சொல்லிக்கொண்டே டாங்கியை இரண்டு கையாலும் தூக்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார்.

விட்டுவிட்டார்.

டாங்கி சிமென்ட் தரையில் தலைகீழாக விழுந்தது. மேல்தலை தனியாகக் கழன்று நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. பீரங்கிக் குழாய் ஒடிந்தது. சேற்றுக்கட்டி உடைந்து, அதற்குள்ளிருந்து அந்த மழைக்காலச் சங்கிலி மணிமணியாகச் சிதறி ஓடியது. கூட்டமே "ஐயோ" என்றது.

"யோவ்!" என்று அலறினார் ஜெனரல். "என்னய்யா பண்ணே?"

"கை நழுவிடுச்சு," என்றார் பல்செட். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அது இப்போதைக்கு வசதியாகப் போயிற்று.

"போச்சு, எல்லாம் போச்சு! பரிசு வாங்க வேண்டிய வண்டி! சரி, யாராவது அடுத்த டாங்கியை..."

"அடுத்ததெல்லாம் வேணாம்," என்று ஒரு குரல் கேட்டது. மைதானத்தில் நூறு பிள்ளைகளை அடக்குகிற குரல். டீச்சர் எழுந்து நின்றிருந்தாள். "உடைஞ்சதைப் பொறுக்கணும். என் வீட்டுக்காரரும் தம்பியும் கொஞ்சம் வெளியே வரட்டும். நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

ஜெனரல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்.

அரங்குக்குப் பின்னால் ஒரு நடைகூடம். உபயோகமில்லாத நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பல்செட் ஓர் அட்டை மூடியில் துண்டுகளை ஏந்திக்கொண்டு நின்றார். பெயின்டர் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கை நழுவிடுச்சு," என்றார் பல்செட் மறுபடியும்.

"உங்க கையா?" என்றாள். "கல்யாணமானதுலேருந்து ஒரு டம்ளரைக்கூட நீங்க கீழ போட்டதில்ல. என்னைவிட அந்தச் சங்கிலியோடதான் நீங்க அதிகமா வாழ்ந்திருக்கீங்க. அதைப் போட்டு உடைக்கிறீங்கன்னா யாருக்காகன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் தம்பியிடம் திரும்பினாள்.

"எந்தக் கைடா?"

பெயின்டர் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன். எந்தக் கை?"

அவன் கட்டியிருந்த கையைப் பிரித்து வலது கையை நீட்டினான். மறைக்கப் பார்க்காதபோது அது நன்றாகவே நடுங்கியது.

அழுவாள் என்று பல்செட் நினைத்தார். தம்பியும் அதையே நினைத்திருப்பான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். டீச்சர் அழவில்லை. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்னைக் கூப்பிடச் சொல்லி ஜெனரல்கிட்டச் சொன்னது நான்தான்," என்றாள். "வீட்ல நீ கையைக் காட்டவே மாட்டேங்கறே. பிரஷ் பிடிக்கறப்ப ஒரு தடவை பார்த்துட்டா சந்தேகம் தீர்ந்துடும்னு நினைச்சேன். சுவத்துல அவ்வளவு பெரிசா போட்டுக் காட்டுவாங்கன்னு தெரியாதுடா. தப்புதான்."

"நீ மறுபடியும் கஷ்டப்படக்கூடாதுன்னுதான்க்கா சொல்லல. நாளைக்கு மாமா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறார். ஒண்ணும் இருக்காது. பெயின்ட் வாசனையாக்கூட இருக்கலாம்." பேசிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தினான். "உனக்கு எப்படிக்கா சந்தேகம் வந்துச்சு? மாமாவுக்கே சேத்தைச் சுரண்டித்தான் தெரிஞ்சுது."

"டம்ளரை விட்டுட்டு பாட்டில்ல தண்ணி குடிக்கறே. சட்டைக்கை பட்டன் போட முடியாம மடிச்சு விட்டுக்கறே. யாராவது எதிர்ல வந்தா கையைக் கட்டிக்கறே. இதெல்லாம் எதுக்குச் செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பா இப்படித்தான் மறைச்சாரா?"

"அப்பா எங்க மறைச்சார்? தெருவுல போறவங்ககிட்டக்கூடக் காட்டிச் சிரிப்பார். மறைக்கிறதெல்லாம் நம்ம புத்திதான்."

அவள் டிராக் சூட் பைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்துத் தம்பியின் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

அரங்கத்துக்குள் யாரோ கைதட்டினார்கள். பல்செட் அந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சேற்றுக்கு அடியில் முடி கனத்துக் கோட்டைக் கண்டுபிடித்தவர், தினமும் தன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற கையைப் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தார்.

"என்னங்க," என்றாள் டீச்சர். "நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு டோக்கனா வாங்கிடுங்க."